நெட்வொர்க்கின் மீள்திறனை எப்படி அளப்பது, எப்படிக் கூட்டுவது?

இறுதியாண்டு பொறியியல் மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "மின்சாரம், இணையம், சாலை என எந்த நெட்வொர்க்காக இருந்தாலும், அது இடையூறுகளை எவ்வளவு தாங்கும் என்பதை ஒரே எண்ணாக அளக்க முடியுமா? இணைப்புகளைக் கூட்டிக்கொண்டே போனால் மீள்திறன் தானாகக் கூடிவிடாதா?"

முதல் கேள்விக்குப் பதில், முடியாது. இரண்டாவதற்கு, கூடலாம், குறையவும் செய்யலாம். இப்படிச் சொல்லிவிட்டு நழுவினால் திட்டுவீர்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். உதாரணத்துக்கு மின்சார கிரிட்டை, அதாவது மின்நிலையங்களையும் ஊர்களையும் லைன்களால் இணைக்கும் மின்தொகுப்பை, எடுத்துக்கொள்கிறேன். எனக்குப் பழக்கமானது அதுதான். தவிர, வேறெந்த நெட்வொர்க்கும் சில நொடிகளில் இத்தனை கோடிப் பேரை இருட்டில் தள்ளுவதில்லை.

2012 ஜூலை 30, அதிகாலை 2:33. வட இந்திய கிரிட் மொத்தமாக விழுந்தது. சுமார் 36,000 மெகாவாட் லோடு, அதாவது அப்போது ஓடிக்கொண்டிருந்த மின்தேவை, போனது. மாலை 4 மணிக்குள் எல்லாவற்றையும் நிமிர்த்திவிட்டார்கள். மறுநாள் பகல் 1 மணிக்கு மறுபடியும் விழுந்தது. இந்த முறை வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழ, போன லோடு சுமார் 48,000 மெகாவாட். அறுபது கோடிக்கும் அதிகமானோர் வாழும் பகுதி அது. டெல்லி மெட்ரோ நின்றது. நூற்றுக்கணக்கான ரயில்கள் நடுவழியில் நின்றன. மேற்கு வங்கச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் மேலே வர லிஃப்ட் இல்லாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள்.

தொடங்கிய இடம் மத்தியப் பிரதேசத்தின் பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் லைன். அதன் இரண்டு சர்க்யூட்டுகளில் ஒன்றை 765 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தும் வேலைக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். மேற்கிலிருந்து வடக்கே போகும் மற்ற சில லைன்களும் சேவையில் இல்லை. அந்த ஆண்டு வடக்கில் மழை தள்ளிப்போனதால் பம்புசெட்டும் ஏசியும் இழுத்த இழுப்பு அதிகம். மாநிலங்கள் தங்கள் ஒதுக்கீட்டுக்கு மேல் இழுத்தன. குறைக்கச் சொல்லிக் கட்டுப்பாட்டு மையம் கேட்டும் போதிய அளவு குறைக்கவில்லை. மீதமிருந்த ஒற்றை சர்க்யூட் டிரிப் ஆனது, அதாவது தானாகத் துண்டித்துக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த லைனில் பழுதே இல்லை என்பதுதான். கம்பி அறவில்லை, மரம் சாயவில்லை. லைன் முனையில் இருக்கும் டிஸ்டன்ஸ் ரிலே என்ற காப்புக் கருவி, வோல்டேஜைக் கரண்ட்டால் வகுத்துப் பார்த்தபடியே இருக்கும். எங்காவது ஷார்ட் ஆனால் வோல்டேஜ் இறங்கும், கரண்ட் ஏறும், வகுத்து வரும் எண் சிறுத்துப்போகும். அந்த எண்ணை வைத்துத்தான் பழுது எவ்வளவு தூரத்தில் என்று ரிலே கணிக்கிறது. அதன் மூன்றாவது மண்டலம் அடுத்த சப்ஸ்டேஷனையும் தாண்டிப் பார்க்கும்படி வைக்கப்பட்டிருக்கும்; பக்கத்து ரிலே வேலை செய்யாவிட்டால் கைகொடுப்பதற்காக. அதிக லோடும் தாழ்ந்த வோல்டேஜும் சேர்ந்தால் வரும் எண், தொலைவில் ஷார்ட் ஆனால் வருவதைப் போலவே இருக்கும். ரிலே ஏமாந்தது. காப்புக்காக வைத்த கருவியே மிக அவசியமான லைனை, மிக அவசியமான நேரத்தில் பிடுங்கியது. இரண்டு நாளும் அதே லைன், அதே காரணம்.

இப்போது அளவுகோல்களுக்கு வருவோம். ஒவ்வொன்றையும் இந்தச் சம்பவத்தின் மீது வைத்துப் பார்த்தால்தான் எது எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று தெரியும்.

பாடப்புத்தகத்தில் முதலில் வருவது வடிவத்தை மட்டும் பார்க்கும் அளவைகள். நெட்வொர்க்கைப் புள்ளிகளும் கோடுகளுமாக வரைந்துகொண்டு, எத்தனை கோடுகளை வெட்டினால் அது இரண்டு துண்டாகும் என்று கேட்பது ஒன்று. 2022 ஜனவரி 15 எரிமலை வெடிப்புக்கு முன் டோங்கா நாட்டை உலக இணையத்தோடு இணைத்தது ஒரே ஒரு கடலடிக் கேபிள். வெட்டெண் 1. கேபிள் அறுந்தது, சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. அந்த அளவுக்கு இந்த எண் நேர்மையானது. 1973-இல் ஃபீட்லர் கொண்டுவந்த இயற்கணித இணைப்பளவு இன்னும் நுட்பமானது. நெட்வொர்க்கில் இடுப்பு ஒடுங்கிய இடம் இருக்கிறதா என்பதை ஒரு மேட்ரிக்ஸின் ஐகன் மதிப்பாகச் சொல்லிவிடும். அப்புறம், 2000-இல் ஆல்பர்ட், ஜியோங், பாராபாசி மூவரும் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை. சில மையங்களுக்கு ஏராளமான இணைப்புகளும் மற்றவற்றுக்குச் சொற்பமும் உள்ள நெட்வொர்க்கில், கண்ணை மூடிக்கொண்டு புள்ளிகளை நீக்கினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. மையங்களைத் தேடிப்பிடித்து நீக்கினால் சீக்கிரமே சிதறிவிடும் என்று அதில் காட்டினார்கள். மழையைத் தாங்கும் நெட்வொர்க் எதிரியையும் தாங்கும் என்று நம்பிவிடக் கூடாது என்பதை அது எல்லோருக்கும் புரிய வைத்தது.

ஆனால் மின்சாரத்துக்கு இந்த அளவைகளை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். வரைபடத்தில் பினா–குவாலியர் ஆயிரக்கணக்கான கோடுகளில் ஒன்று. அதை அழித்தாலும் படம் துண்டாகாது, வடக்கும் மேற்கும் வேறு வழிகளில் இணைந்தேதான் இருக்கும். மின்சாரமோ இணையப் பாக்கெட் போல வழிகாட்டியைக் கேட்டுப் போவதில்லை. ஒரு லைன் போனால் அதன் சுமை கண நேரத்தில் மற்ற எல்லா லைன்களிலும், அவை காட்டும் மின் எதிர்ப்புக்கு (இம்பீடன்ஸ்) ஏற்ப, தானாகப் பிரிந்து ஏறும். அதில் ஒன்று தாங்காவிட்டால் அதுவும் டிரிப். அதன் சுமை மிச்சத்தின் தலையில். துண்டாகாத நெட்வொர்க் இப்படித்தான் சில நொடிகளில் துண்டானது.

அதனால்தான் கிரிட்காரர்கள் பாய்வை வைத்து அளப்பார்கள். என் மைனஸ் ஒன்று (N−1) என்ற விதி எங்கள் தொழிலில் அரிச்சுவடி: எந்த ஒரு லைனோ டிரான்ஸ்ஃபார்மரோ ஜெனரேட்டரோ போனாலும் மற்றவை வரம்புக்குள் இருக்க வேண்டும். இரண்டு இணை லைன்கள், ஒவ்வொன்றும் 500 மெகாவாட் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு 1,000. பாதுகாப்பாக அனுப்பக்கூடியது 500தான், ஏனென்றால் ஒன்று போனால் மற்றதே முழுதையும் சுமக்க வேண்டும். மூன்று லைன் இருந்தால் 1,500-இல் 1,000 அனுப்பலாம். இந்த வித்தியாசம்தான் மீள்திறனுக்குக் கொடுக்கும் விலை. பட்ஜெட் கூட்டங்களில் அது எப்போதுமே வீண்செலவாகத்தான் தெரியும்.

2012-இல் பிரச்சினை அந்த விதியில் இல்லை, அதை எந்தப் படத்துக்குப் போட்டுப் பார்ப்பது என்பதில் இருந்தது. எல்லா லைன்களும் சேவையில் இருப்பதாக நினைத்துப் போட்ட கணக்கு, பாதி லைன்கள் பராமரிப்பில் இருக்கும் நாளுக்கு உதவாது. ஒன்று ஏற்கெனவே நின்றிருந்தால் மிச்சத்தை வைத்துப் புதிதாகக் கணக்குப் போட்டு, அனுப்பும் அளவையும் இறக்க வேண்டும். 2003 செப்டம்பர் 28-இல் இத்தாலிக்கும் இதேதான் நடந்தது. அதிகாலை 3:01-க்கு ஸ்விட்சர்லாந்தின் லுக்மேனியர் லைன் ஒரு மரத்தால் போனது. அடுத்த 24 நிமிடத்துக்குள் புதிய நிலைமைக்குத் தக்கபடி இறக்குமதியைப் போதிய அளவு குறைக்க முடியவில்லை. 3:25-க்கு சான் பெர்னார்டினோ லைனும் போக, மீதி இணைப்புகள் சரசரவென்று அறுந்து, இத்தாலி தனியாகி விழுந்தது. சுமார் 5.6 கோடிப் பேருக்குக் கரண்ட் இல்லை. என்னைக் கேட்டால் ஒரு கிரிட்டின் மீள்திறனுக்கு நல்ல எண் இது: முதல் அடிக்குப் பிறகு, இரண்டாவது அடியைத் தாங்கும் நிலைக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது?

இதுவரை சொன்னது விழாமல் இருப்பதைப் பற்றி. விழுந்த பிறகு எழுவதை அளக்க, 2003-இல் புருனோவும் உடன் ஆய்வாளர்களும் நிலநடுக்க ஆய்வில் அறிமுகப்படுத்திய முக்கோணம் இன்றும் உதவுகிறது. படுக்கை அச்சில் நேரம், நிமிர்ந்த அச்சில் சேவையின் அளவு. அடி விழுந்ததும் கோடு கீழே குதிக்கும், பிறகு மெல்ல ஏறி 100 சதவீதத்தைத் தொடும். நடுவில் உண்டாகும் பள்ளத்தின் பரப்பே இழப்பு. மேலே சொன்ன இரண்டு நாளுக்கும் போட்டுப் பார்ப்போம். மீட்பு நேர்க்கோடாக ஏறியது என்று வைத்துக்கொண்டால் (உண்மையில் ரயில், மெட்ரோ போன்ற அவசர லோடுகளுக்கு முதலிலேயே கொடுத்தார்கள்), முதல் நாள் 36,000 மெகாவாட், பதின்மூன்றரை மணி நேரம், அதில் பாதி: ஏறக்குறைய 24 கோடி யூனிட். இரண்டாம் நாள் 48,000 மெகாவாட், இரவு 9:30 வரை எட்டரை மணி நேரம், அதில் பாதி: 20 கோடி யூனிட். அதாவது செய்திகளில் பெரியதாக வந்த இரண்டாம் நாள் வீழ்ச்சி, இந்தக் கணக்கில் முதல் நாளைவிடச் சிறியது. முந்தைய நாள்தான் அதே வேலையைச் செய்து முடித்திருந்த கைகள் என்பதும் ஒரு காரணமாக இருக்கும்.

ஆனால் இந்த முக்கோணத்திடமும் ஒரு ஏமாற்று உண்டு. கோடு 100-ஐத் தொட்டதும் கணக்கை மூடிவிடும். ஜூலை 30 மாலை 4 மணிக்குக் கோடு 100-ஐத் தொட்டது. அப்போது மீட்கப்பட்டது விழுவதற்கு முன்பிருந்த அதே கிரிட், அதே பலவீனத்தோடு. இருபத்தொரு மணி நேரத்தில் மீண்டும் விழுந்தது. ஆகவே அளக்கும்போது "திரும்பி வந்ததா" என்பதோடு "எந்த நிலைக்குத் திரும்பி வந்தது" என்றும் ஒரு கட்டம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மின் நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் சைடி, சைஃபி எண்கள், அதாவது ஒரு நுகர்வோருக்குச் சராசரியாக எவ்வளவு நேரம், எத்தனை முறை கரண்ட் போனது என்பவை, மீள்திறனைக் காட்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். பெரிதாகக் காட்டாது. பல இடங்களில் புயல் போன்ற பெருநிகழ்வு நாட்களைக் கழித்துவிட்டுத்தான் அவற்றைக் கணக்கிடுகிறார்கள். மீள்திறனுக்குப் பரீட்சை வைக்கும் நாட்களே அவைதான்! தவிர, மின்தடைகளின் அளவைப் பெரியது சிறியது என்று அடுக்கிப் பார்த்தால் வால் நீளமாக இருக்கும். பெரிய வீழ்ச்சிகள் நாம் உள்ளுணர்வில் நினைப்பதைவிட அடிக்கடி வருகின்றன. அப்படிப்பட்ட பரவலுக்குச் சராசரி என்பது பெரும்பாலும் வெறும் ஆறுதல்.

இன்னொரு விஷயத்தை எந்தத் தனி நெட்வொர்க்கின் எண்ணும் சொல்லாது: ஒரு நெட்வொர்க் இன்னொன்றின் மேல் சாய்ந்திருப்பது. 2010-இல் புல்டிரெவ் குழுவினர் இத்தாலிய கிரிட்டின் வீழ்ச்சியை முன்வைத்து, தனித்தனியே உறுதியான இரண்டு நெட்வொர்க்குகள் ஒன்றையொன்று நம்பியிருந்தால் சிறு அடியிலேயே திடீரென்று மொத்தமாகச் சரியலாம் என்று கணிதமாகக் காட்டினார்கள். 2025 ஏப்ரல் 28-இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோது, செல்போன் கோபுரங்களின் பேட்டரி தீரத் தீரத் தொலைத்தொடர்பும் போனது. 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் இணையத்திலிருந்தே காணாமல் போனபோது, அதைச் சரிசெய்யத் தேவைப்பட்ட உள்கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியே இருந்தன. பழுதுபார்க்கும் வழி பழுதான பொருளின் ஊடாகப் போகிறதா என்று தேடுவதற்குச் சூத்திரம் கிடையாது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, எப்படிக் கூட்டுவது? இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி. 2012-இல் அந்த இரண்டு நாளும் தெற்கு கிரிட் விழவில்லை. நம் நிர்வாகம் சிறந்தது என்று அப்போது சிலர் மார்தட்டிக்கொண்டார்கள். உண்மையான காரணம் வேறு: தெற்கு அப்போது மற்ற கிரிட்டுகளோடு ஒரே தாளத்தில் சுழலவில்லை. தால்ச்சர்–கோலார் போன்ற எச்விடிசி (உயர் அழுத்த நேர்மின்னோட்ட) இணைப்புகள் வழியாக மட்டுமே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தாளம்தான் அதிர்வெண்; உற்பத்தியைவிடத் தேவை கூடினால் அது சரியும். நேர்மின்னோட்டத்தின் வழியே வடக்கின் அதிர்வெண் சரிவு தெற்குக்குள் பாயாது. நாம் வைத்த அளவு மட்டுமே பாயும். ஆக, இணைப்பு குறைவாக இருந்ததே காப்பாற்றியது.

அதே 2012-இல் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். மாவட்டங்களில் நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேர மின்வெட்டு. வடக்கிலும் மேற்கிலும் விலைக்குக் கரண்ட் இருந்த நாட்களிலும் கொண்டுவர வழி போதவில்லை. மின் சந்தையில் தெற்குக்கு மட்டும் தனியாக, அதிக விலை போய்க்கொண்டிருந்தது. அதே குறைந்த இணைப்பு, அரிய பெருவிபத்திலிருந்து காத்தது, தினசரிப் பற்றாக்குறையில் தள்ளியது. இதில் எதை மீள்திறன் என்பீர்கள்? எந்த இடையூறுக்கு எதிராக என்று சொல்லாமல் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தெற்கும் ஒரே கிரிட்டில் சேர்ந்தது. அதன்பின் கூடுதல் வழிகள் வந்தன. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு வரும் 6,000 மெகாவாட் எச்விடிசி அவற்றில் பெரியது. என் கருத்தில் இது நல்ல கலவை. ஒத்த தாளத்தில் சுழலும் இணைப்புகள் அதிர்வெண்ணைத் தாங்கிப்பிடிக்கும். எச்விடிசி தேவையான அளவு கொண்டுவரும், சரிவைக் கடத்தாது. இலங்கையைப் பாருங்கள். 2025 பிப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை சப்ஸ்டேஷனில் ஒரு குரங்கு புகுந்ததற்கு நாடு முழுதும் கரண்ட் போனது. எல்லோரும் குரங்கைப் பார்த்துச் சிரித்தார்கள். விடுமுறை நாள் என்பதால் தேவை குறைவு, கூரைச் சோலார் உற்பத்தி அதிகம், அதிர்வெண்ணைத் தாங்கிப்பிடிக்கும் சுழலும் எந்திரங்கள் குறைவு, சாய்ந்துகொள்ளப் பக்கத்து கிரிட் எதுவும் இல்லை. அந்த நிலையில் குரங்கு இல்லாவிட்டால் வேறொன்று வந்திருக்கும்.

கண்ட இடத்தில் லைன் போட்டால் எதிர்விளைவும் உண்டு. 1968-இல் பிரேஸ் என்ற ஜெர்மானியக் கணிதர், புதிய சாலை ஒன்றைச் சேர்த்தால் எல்லோருடைய பயண நேரமும் கூடக்கூடும் என்று காட்டினார். மின்சாரத்திலும் அப்படித்தான்: புதிய லைன் தடை குறைந்த வழியாக அமைந்து, தன்னோடு தொடரில் இருக்கும் பழைய பலவீனமான லைனுக்குள் சுமையை இழுத்துவிடும். அதனால் புது லைன் போடுமுன், அது இருந்தால் எந்தப் பழைய லைன் முதலில் திணறும் என்று பார்ப்பது கட்டாயம்.

எனக்கு மிகவும் பிடித்த வழி, வேண்டுமென்றே அறுத்துக்கொள்வது. ஜூலை 31-இல் கிழக்கு கிரிட் முழுதும் விழுந்தபோதும் கொல்கத்தாவில் சிஇஎஸ்சி நிறுவனத்தின் பகுதி பிழைத்தது. நகருக்கென்று சொந்த மின்நிலையங்கள் இருந்தன. அதிர்வெண் சரியத் தொடங்கியதும் வெளி கிரிட்டிலிருந்து பிரிந்து தனித் தீவாக ஓடியது. கேட்க எளிதாக இருக்கும், செய்வது கடினம். பிரியும் நொடியில் உள்ளே இருக்கும் உற்பத்தியும் லோடும் கிட்டத்தட்டச் சமமாக வேண்டும். உற்பத்தி 800, லோடு 1,000 என்றால் 200 மெகாவாட்டுக்கான பீடர்களை (ஊர்ப் பகுதிகளுக்குப் போகும் லைன்களை) அந்தக் கணமே கழற்ற வேண்டும். எந்தப் பீடர் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். காலையில் சரியாக இருக்கும் கணக்கு இரவில் பொருந்தாது. மும்பையிலும் இப்படி ஓர் ஏற்பாடு பல ஆண்டுகளாக இருந்தது. 2020 அக்டோபர் 12-இல் தேவைப்பட்டபோது அது நகரைக் காப்பாற்றவில்லை.

அதிர்வெண் இறங்கினால் தானாக லோடைக் கழற்றும் ரிலேக்களுக்கும் இதே கதை. 2012-இல் அவை காகிதத்தில் போதுமான அளவு இருந்தன; களத்தில் எதிர்பார்த்த நிவாரணம் வரவில்லை என்று விசாரணைக் குழுவே எழுதியது. தன் ஊர்ப் பீடரைக் கழற்ற எந்த மாநிலத்துக்கும் மனசு வராது என்பதைப் பொறியியல் பாடத்தில் யாரும் சொல்லித்தருவதில்லை. அதன்பின் அதிர்வெண் வரம்பை இறுக்கினார்கள், ஒதுக்கீட்டை மீறி இழுத்தால் கொடுக்க வேண்டிய தண்டத்தை 2014-இல் கடுமையாக்கினார்கள். புதிய டவர்கள் அளவுக்கு இதுவும் கிரிட்டைக் காத்திருக்கிறது என்பது என் எண்ணம். ஆட்கள் பார்க்கும் திரையும் அப்படித்தான். 2003 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 5 கோடிப் பேர் இருண்டதன் தொடக்கத்தில், ஒஹையோவின் கட்டுப்பாட்டறையில் எச்சரிக்கை மென்பொருள் நின்றுபோயிருந்தது. நின்றதே அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

மீட்பு வேகத்துக்குப் பெரிய தந்திரம் எதுவும் இல்லை. ஆள், பொருள், பயிற்சி. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. கேரளத்திலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து கைகொடுத்தார்கள். அந்த நாட்களில் மீள்திறன் என்பது ஸ்டோரில் எத்தனை கம்பம் இருக்கிறது, சேற்றில் குழி தோண்ட எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் புதிது செய்து வர மாதக்கணக்கில் ஆகும். கையிருப்பில் ஒன்று இருப்பதும் இல்லாததும் முக்கோணத்தின் அடிப்பக்கத்தையே மாற்றிவிடும்.

உங்கள் புராஜெக்டுக்கு: ஐஇஇஇ 118-பஸ் மாதிரியை, அதாவது 118 இணைப்புப் புள்ளிகள் கொண்ட சோதனை கிரிட்டை, எடுத்துக்கொள்ளுங்கள்; பைதானில் பாண்டாபவர் என்ற நிரல் தொகுப்பு போதும். அதில் 186 கிளைகள் இருக்கின்றன. முதலில் ஒவ்வொன்றாக நீக்கி லோடு ஃப்ளோ (எந்த லைனில் எவ்வளவு பாய்கிறது என்ற கணக்கு) ஓட்டுங்கள். அப்புறம் இரண்டிரண்டாக, 17,205 ஜோடிகள், சாதாரண லேப்டாப்பே தாங்கும். வரம்பு மீறிய லைன்களை அடுத்த சுற்றில் நீக்கி, சரிவு நிற்கும்வரை ஓட்டி, கடைசியில் எத்தனை மெகாவாட் மிஞ்சியது என்று குறியுங்கள். அதே ஜோடிகளை நெட்வொர்க்எக்ஸ் என்ற பைதான் தொகுப்பில் வடிவ அளவைகளால் தரவரிசைப்படுத்தி, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கெல்லாம் ஒத்துப்போகவில்லையோ அங்கேதான் உங்கள் ஆய்வு இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: பரவலாகக் கிடைக்கும் 118-பஸ் கோப்பில் லைன்களின் தாங்குதிறன் உருப்படியாகக் கொடுக்கப்பட்டிருக்காது. அப்படியே ஓட்டினால் எதுவும் விழாது. இயல்பு நிலைப் பாய்வின் 1.2 மடங்கு, 1.5 மடங்கு என்று நீங்களே வரம்பு வைத்து, இரண்டுக்கும் தனித்தனியாக முடிவுகளைக் காட்டுங்கள்.